கார் இன்சூரன்ஸ்: தேனி, கம்பம் பக்கத்து வீடுகளுக்கு 37 குறிப்புகள்

வருஷா வருஷம் ஏஜெண்டு போன் பண்ணி, "போன வருஷம் மாதிரியே போட்டுடவா?" என்று கேட்பார். நாமும் கைவேலையைப் பார்த்துக்கொண்டே "சரிங்க" என்று சொல்லிவிடுவோம். இந்தத் தடவை அந்தப் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு அரைமணி நேரம் உட்காருங்கள். நம்ம கார் எந்த ரோட்டில் ஓடுகிறது, ராத்திரி எங்கே நிற்கிறது, யாரை ஏற்றுகிறது என்று பார்த்து எடுத்தால் காசும் மிச்சம், அவசரத்துக்குப் பணமும் வந்து சேரும்.

1. பாலிசியின் தலைப்பில் 'லயபிலிட்டி ஒன்லி' என்று இருந்தால் அது வெறும் தேர்ட் பார்ட்டி. 'பேக்கேஜ்' அல்லது 'காம்ப்ரிஹென்சிவ்' என்று இருந்தால்தான் நாம் ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொல்வது. தேர்ட் பார்ட்டியில் நம் காருக்கு ஒரு பைசா வராது; நாம் இடித்து அடுத்தவருக்கு ஆன நஷ்டத்துக்கு மட்டும்தான் அது.

2. தேர்ட் பார்ட்டி கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது, கம்பெனிக்குக் கம்பெனி மாறாது. 2022 ஜூன் 1-ல் அமலான கட்டணப்படி 1000 சிசி வரை ரூ.2,094, 1500 சிசி வரை ரூ.3,416, அதற்கு மேலே ரூ.7,897; இதோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி. பேரம் பேச வேண்டியது நம் காருக்கான 'ஓன் டேமேஜ்' என்ற வரியில்தான்.

3. இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை ரூ.2,000, மறுபடி பிடிபட்டால் ரூ.4,000 அபராதம், ஜெயிலுக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. சின்னக் காருக்கு ஒரு வருஷத் தேர்ட் பார்ட்டியே ஜிஎஸ்டி சேர்த்து ரூ.2,471 தான். "அடுத்த மாசம் போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போடுவதில் மிச்சமாவது எதுவுமில்லை.

4. இது முக்கியமானது, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். வெறும் தேர்ட் பார்ட்டி போட்ட சொந்தக் காரில் நம்மோடு உட்கார்ந்து வரும் மாமாவுக்கோ சித்திக்கோ அடிபட்டால் அந்தப் பாலிசி கைகொடுக்காது. ஃபுல் இன்சூரன்ஸ் என்றால் காருக்குள் இருப்பவர்களும் அதில் அடக்கம் என்று 2009-லேயே ஒழுங்குமுறை ஆணையம் தெளிவாக்கிவிட்டது. 2022 டிசம்பரில் சபரிமலை போய்த் திரும்பிய ஆண்டிபட்டிப் பக்கத்துப் பக்தர்களின் கார் குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து 8 பேர் இறந்ததை நாம் மறந்துவிடவில்லை. குடும்பத்தோடு மலையேறும் கார் என்றால் பழசோ புதுசோ, ஃபுல் இன்சூரன்ஸ் போடுங்கள்.

5. கார் ரொம்பப் பழசு, தேர்ட் பார்ட்டி போதும் என்று முடிவு செய்துவிட்டீர்களா? அப்படியானால் 'அன்நேம்ட் பாசஞ்சர் பிஏ' என்று கேட்டு, உள்ளே உட்காரும் ஆட்களுக்கு விபத்துக் காப்பீடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 2 லட்சம் வரை போடலாம், எல்லா சீட்டுக்கும் சேர்த்துச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

6. ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு கட்டாயம். ஆனால் வீட்டில் ஒரே பேரில் காரும் பைக்கும் இருந்தால் ஒரு வண்டியில் எடுத்தது போதும், இரண்டிலும் கட்ட வேண்டாம். ஏற்கெனவே தனியாக 15 லட்சத்துக்கு விபத்துப் பாலிசி வைத்திருப்பவர்களும் அதைக் காட்டி இந்த வரியை எடுக்கச் சொல்லலாம்.

7. கார் வீட்டம்மா பேரில், ஓட்டுவது வீட்டுக்காரர் என்று பல வீடுகளில் இருக்கிறது. அந்த 15 லட்சம் ஆர்சி புக்கில் பேர் உள்ளவருக்குத்தான், அதுவும் அவரிடம் லைசென்ஸ் இருந்தால்தான். ஓட்டுபவர் பேரில் தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுத்துவிடுங்கள்.

8. புதுக் கார் எடுத்தபோது "மூணு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று ஷோரூமில் சொல்லியிருப்பார்கள். 2018 செப்டம்பர் முதல் அந்த மூன்று வருஷம் கட்டாயமானது தேர்ட் பார்ட்டிக்கு மட்டும். நம் காருக்கான ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரே வருஷத்தில் முடிந்துவிடும். இன்றைக்கே பேப்பரை எடுத்து இரண்டு தேதியையும் தனித்தனியாகப் பாருங்கள்.

9. அந்த ஓன் டேமேஜை ஷோரூமிலேயே, அதே கம்பெனியிலேயே புதுப்பிக்க வேண்டும் என்றில்லை. 2019 செப்டம்பர் முதல் அதை மட்டும் தனியாக வேறு கம்பெனியில் எடுக்கலாம். நாலு இடத்தில் விலை கேளுங்கள், கேட்கும்போது ஜிஎஸ்டி சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள்.

10. 'ஐடிவி' என்று ஒரு தொகை இருக்கும். கார் திருட்டுப் போனாலோ மொத்தமாகப் போனாலோ நமக்குக் கிடைப்பது அதுதான். கம்பெனி விலையில் முதல் ஆறு மாதத்துக்கு 5 சதவீதம் கழியும், நாலாவது வருஷத்தில் 40, ஐந்தாவது வருஷத்தில் 50 சதவீதம் கழியும். 8 லட்ச ரூபாய்க் காருக்கு நாலாவது வருஷம் 4 லட்சத்து 80 ஆயிரம் என்று வரும், இதை வைத்து உங்கள் பேப்பரைச் சரிபாருங்கள்.

11. பிரீமியம் குறைவாகத் தெரிய வேண்டும் என்று ஐடிவியை இறக்கிப் போட்டுத் தருபவர்கள் உண்டு. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை 'டோட்டல் லாஸ்' என்று முடித்துவிடுவார்கள், அப்போது அந்தக் குறைந்த தொகைதான் கையில் வரும். சில நூறு ரூபாய்க்காக ஐம்பதாயிரத்தை விடாதீர்கள்.

12. ஐந்து வருஷம் தாண்டிய காருக்கு ஐடிவி என்பது இரு தரப்பும் பேசி முடிவு செய்வது. அதே மாடல், அதே வருஷத்து வண்டி இப்போது தேனியில் என்ன விலைக்குப் போகிறது என்று பழைய கார் கடையில் விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

13. கிளைம் வாங்காத வருஷத்துக்கு என்சிபி என்ற தள்ளுபடி உண்டு: 20, 25, 35, 45, கடைசியில் 50 சதவீதம். ஓன் டேமேஜில் மட்டும்தான் கழிப்பார்கள், தேர்ட் பார்ட்டியில் கழியாது. புதுப்பிக்கும் பேப்பரில் உங்கள் சதவீதம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

14. சின்னக் கீறலுக்கெல்லாம் கிளைம் போகாதீர்கள், கணக்குப் பார்த்தால் புரியும். ஓன் டேமேஜ் 8,000 ரூபாய், 50 சதவீதத் தள்ளுபடியில் இருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு கிளைம் வாங்கினால் அடுத்த வருஷம் தள்ளுபடி பூஜ்யம், பழைய 50-ஐத் தொட மறுபடி ஐந்து வருஷம். அதற்குள் நாம் கூடுதலாகக் கட்டுவது 4,000 + 2,400 + 2,000 + 1,200 + 400, ஆக மொத்தம் 10,000 ரூபாய். டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் சேர்த்து அதற்குள் முடிந்தால் கைக்காசைப் போட்டுச் செய்துவிடுவதே லாபம்.

15. என்சிபி காருக்குச் சொந்தமில்லை, நமக்குச் சொந்தம். பழைய காரை விற்றுப் புதுசு எடுக்கும்போது பழைய கம்பெனியில் என்சிபி கடிதம் வாங்கிப் புதுக் காரில் காட்டுங்கள். மூன்று வருஷம் வரை அந்தக் கடிதம் செல்லும்.

16. பாலிசி முடிந்து 90 நாளைத் தாண்டினால் சேர்த்து வைத்த என்சிபி மொத்தமும் போய்விடும். 90 நாள் இருக்கிறதே என்று சும்மா இருக்கவும் வேண்டாம். தள்ளுபடிக்குத்தான் அந்த அவகாசம், இடையில் விபத்து நடந்தால் பாதுகாப்பு கிடையாது. பெரும்பாலும் கடைசி நாள் நள்ளிரவோடு முடிந்துவிடும், காலண்டரில் அதற்குப் பத்து நாள் முன்னாலேயே வட்டம் போட்டு வையுங்கள்.

17. நாம் 'பம்பர் டூ பம்பர்' என்று சொல்வது ஜீரோ டெப். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி எல்லாவற்றிலும் பாதி விலை நம் தலையில். கண்ணாடிக்கு மட்டும் கழிவு கிடையாது. 6,000 ரூபாய் பம்பரில் 3,000 நாம், அதற்கு மேல் எல்லா கிளைமிலும் கட்டாயமாகக் கழியும் 1,000 ரூபாயும் (1500 சிசிக்கு மேல் என்றால் 2,000) நாம். ஐந்து வருஷத்துக்கு உட்பட்ட கார் என்றால் இந்த ஆட்-ஆன் எடுக்கலாம், காசுக்குப் பெறும்.

18. முல்லைப் பெரியாறு, வைகை, கொட்டகுடி ஆற்றை ஒட்டிக் குடியிருப்பவர்களும் தரைப்பாலம் தாண்டிப் போகிறவர்களும் 'எஞ்சின் புரொடெக்ட்' எடுங்கள். வெள்ளத்தில் கார் நனைந்தால் சாதாரணப் பாலிசி மற்ற சேதத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து பாழாக்கினால் அதைத் 'தொடர் சேதம்' என்று தள்ளிவிடுவார்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னைக்காரர்கள் பலர் இதைச் செலவழித்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

19. ஆட்-ஆன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தண்ணீரில் நின்ற காரின் சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, கட்டி இழுத்தே ஒர்க்‌ஷாப் கொண்டுபோங்கள்.

20. ஆடிக் காற்றில் தென்னை மட்டையோ காயோ விழுந்து கண்ணாடி உடைவது, போடிமெட்டு ரோட்டில் பாறை சரிவது, இதெல்லாம் ஃபுல் இன்சூரன்ஸில் வரும். 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் டவுனுக்குள் புகுந்து தெருவில் நின்ற வண்டிகளைச் சேதப்படுத்தியதே, அந்த மாதிரி யானை இடித்தாலும் கேட்கலாம். வெறும் தேர்ட் பார்ட்டியில் இதில் எதற்கும் பணம் வராது.

21. தோப்பு வீட்டிலும் களத்திலும் நிறுத்தும் காருக்கு எலிதான் பெரிய எதிரி, ஒயரை எல்லாம் கடித்து வைத்துவிடும். எலிக்கடிக்குக் கிளைம் உண்டா என்று போடும் முன்பே கேட்டு, 'உண்டு' என்பதை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்குங்கள். பானட்டுக்குள் கொஞ்சம் புகையிலையைத் துணியில் முடிந்து வைப்பது நம்ம பக்கத்து வழக்கம், செலவில்லாதது.

22. டயர் மட்டும் கிழிந்தால் இன்சூரன்ஸில் வராது. வண்டியும் சேர்ந்து அடிபட்டால்தான் வரும், அதுவும் பாதி விலைதான். எஸ்டேட் கல் ரோட்டில் அடிக்கடி போகிறவர்கள் டயர் ஆட்-ஆன் விசாரிக்கலாம்; டவுனுக்குள் ஓடும் காருக்கு அது வீண்.

23. வண்டியை இழுத்து வருவதற்குச் சாதாரணப் பாலிசி தருவது ரூ.1,500 தான். மேகமலையில் 18 கொண்டை ஊசி வளைவைத் தாண்டி மேலே நின்றுபோன காரைச் சின்னமனூருக்கு இறக்க அது எந்த மூலைக்கு? மலையேறுகிறவர்கள் 'ரோடு சைடு அசிஸ்டன்ஸ்' எடுங்கள், எத்தனை கிலோமீட்டர் வரை இழுப்பார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள்.

24. கவனமாக ஓட்டுகிற, பெரும்பாலும் தேனி-பெரியகுளம் சமதளத்திலேயே ஓடுகிற கார் என்றால் 'வாலண்டரி டிடக்டபிள்' போட்டுப் பிரீமியத்தைக் குறைக்கலாம். ஒவ்வொரு கிளைமிலும் முதல் இத்தனை ஆயிரம் என் பொறுப்பு என்று நாமே ஏற்றுக்கொள்வது அது. கையில் அந்தப் பணம் எப்போதும் இருக்குமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

25. அடுத்தவர் சொத்துக்கு நாம் செய்யும் சேதத்துக்கு தேர்ட் பார்ட்டியில் 7 லட்சத்து 50 ஆயிரம் வரை உண்டு. அதை வெறும் 6,000-ஆகக் குறைத்துக்கொண்டால் நூறு ரூபாய் அளவில் மிச்சம் என்பார்கள். வேண்டவே வேண்டாம், ஒரு கடை ஷட்டரில் இடித்தால்கூட 6,000 பத்தாது.

26. கேஸ் கிட் மாட்டினால் ஆர்சியில் ஏற்றுவதோடு பாலிசியிலும் ஏற்றுங்கள், கிட் மதிப்பில் 4 சதவீத அளவுக்குக் கூடுதல் பிரீமியம் வரும். மியூசிக் சிஸ்டம் மாதிரி வெளியில் வாங்கி மாட்டியவையும் பாலிசியில் எழுதியிருந்தால்தான் காசு வரும்.

27. பிள்ளைகள் வெளியூரில், கார் பெரும்பாலும் ஷெட்டிலேயே நிற்கிறதா? ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்பக் கட்டும் 'பே ஆஸ் யூ டிரைவ்' ஆட்-ஆனுக்கு 2022 ஜூலை முதல் அனுமதி இருக்கிறது. ஒரே உரிமையாளரின் பல வண்டிகளுக்குச் சேர்த்து ஒரே பாலிசியாகப் போடவும் வழி உண்டு, கேட்டுப் பாருங்கள்.

28. சொந்தக் காரை வாடகைக்கு விடாதீர்கள், இதைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். கார்த்திகை, மார்கழியில் "ஓன் போர்டுதானே, டீசலும் ஏதோ கையிலும் குடுத்துடுறோம், குமுளி வரை கொண்டுபோய் விடுங்க" என்று தெரிந்தவர்களே வருவார்கள். பாலிசியின் 'லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்' என்ற பத்தியில் வாடகைக்கு ஓட்டினால் செல்லாது என்று முதல் வரியிலேயே இருக்கும். விபத்து என்றால் காரும் போய், அடிபட்டவர்களுக்கான நஷ்டஈடும் நம் வீட்டுப் பத்திரத்தின் மேல் வந்து நிற்கும். வாடகை வருமானம் வேண்டுமென்றால் முறைப்படி டி போர்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

29. அதே பத்தியில் சரக்கு ஏற்றுவதற்கும் தடை இருக்கும். கூடவே கொண்டுபோகும் சொந்த லக்கேஜும் சாம்பிளும் மட்டும்தான் விலக்கு. போடி ஏலத்துக்கு ஏலக்காய் மூட்டையை டிக்கியில் அடைத்துக்கொண்டு போகிறவர்கள், வாழைத்தாரைப் பின்சீட்டில் போட்டுச் சந்தைக்கு எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஒரு சரக்கு ஆட்டோ பிடியுங்கள்.

30. ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றும் ஜீப் வைத்திருப்பவர்கள் ஆர்சியில் உள்ள சீட் எண்ணிக்கைக்குத்தான் பாலிசி என்பதை மறக்க வேண்டாம். அதற்கு மேல் ஏற்றிய ஆட்களுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது. கம்பம்மெட்டு ஏறும் கூலிக்காரப் பெண்கள் நம்பி உட்காருவது நம் வண்டியில், அந்தக் கணக்கை இறுக்கமாகவே வையுங்கள்.

31. டிரைவர் போட்டு ஓட்டும் வீடுகள், சம்பள டிரைவருக்கான வரியைப் பாலிசியில் சேர்த்துவிடுங்கள், சொற்பத் தொகைதான். அவருடைய லைசென்ஸ் எந்தத் தேதி வரை என்பதையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண எல்எம்வி லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோவுக்கு உட்பட்ட டி போர்டு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்திருக்கிறது.

32. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினால் 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பேருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். தேர்ட் பார்ட்டி தானாகத் தொடரும், ஆனால் ஓன் டேமேஜ் பேர் மாறாமல் நமக்குப் பயன்படாது. விற்றவரின் என்சிபியும் நமக்கு வராது. கேரளாவிலிருந்து கே.எல். நம்பர் வண்டி வாங்கி டிஎன் 60-க்கு மாற்றினால் புது நம்பரையும் விலாசத்தையும் பாலிசியில் திருத்துங்கள்.

33. கார் லோன் முடிந்ததும் பேங்கில் என்ஓசி வாங்கி ஆர்சியில் மட்டுமல்ல, பாலிசியிலும் பேங்க் பேரை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெரிய கிளைம் வரும்போது பணம் பேங்க் பக்கம் போய் நிற்கும்.

34. நம் பாலிசி இந்தியா முழுக்கச் செல்லும், தேக்கடிக்கோ மூணாறுக்கோ போகச் சொந்தக் காருக்குத் தனி இன்சூரன்ஸ் தேவையில்லை. டிஜிலாக்கர், எம்பரிவாகன் இரண்டில் எதில் காட்டினாலும் சட்டப்படி செல்லும். மலையில் சிக்னல் கிடைக்காது என்பதால் பாலிசியை போனில் இறக்கி வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

35. எந்தக் கம்பெனி என்று முடிவு செய்யும் முன் "தேனியில், கம்பத்தில் எந்த ஒர்க்‌ஷாப்பில் உங்களுக்கு கேஷ்லெஸ் இருக்கு?" என்று கேளுங்கள். இல்லாவிட்டால் நசுங்கின காரை மதுரை வரை கொண்டுபோக வேண்டும், அல்லது கைக்காசைப் போட்டுவிட்டுப் பின்னால் வாங்க வேண்டும். இருநூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் உள்ள கம்பெனியே நல்லது.

36. விபத்து நடந்தால் முதலில் 108, பிறகு வண்டியை நகர்த்தும் முன் நாலு பக்கமும் போட்டோ, நம்பர் பிளேட் தெரிய. அன்றைக்கே கம்பெனிக்குச் சொல்லிக் கிளைம் நம்பர் வாங்குங்கள். ஆளுக்கு அடிபட்டாலோ வண்டி திருட்டுப் போனாலோ எஃப்ஐஆர் அவசியம். சர்வேயர் பார்க்கும் முன் ஒர்க்‌ஷாப்பில் பிரிக்க விடாதீர்கள், திருட்டு கிளைமில் இரண்டு சாவியையும் கேட்பார்கள் என்பதால் ஸ்பேர் சாவியை பீரோவில் பத்திரமாக வையுங்கள்.

37. கிளைமைத் தள்ளிவிட்டால் "ஏன்?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பிறகு அந்தக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். பீமா பரோசா தளத்திலோ 155255 எண்ணிலோ புகாரைப் பதியலாம். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால், ஒரு வருஷத்துக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மனுக்கு எழுதுங்கள். 50 லட்சம் வரை தீர்ப்பு சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. கட்டணமும் கிடையாது, வக்கீலும் வேண்டாம், பாலிசி நகலும் தள்ளுபடிக் கடிதமும் போட்டோக்களும் வைத்து வீட்டிலிருந்தே அனுப்பிவிடலாம்.